கட்டுமாவடியைவிடப் பக்கம் கொழும்பு

திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஆகாயத்தில் எவ்வளவு தூரம் என்று நான் அளந்தது என் வேட்டிக் கரையிலிருந்து உருவிய ஒரு நூலால். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து அலமாரியில் ஒரே ஒரு தேசப்படப் புத்தகம் இருந்தது. பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து அதை எடுத்து மேசையில் விரித்தேன். நூலின் ஒரு முனையைத் திருச்சியின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையைக் கொழும்பு வரை இழுத்து, பிறகு அந்த நூலைப் படத்தின் கீழே இருந்த மைல் கோட்டின் மேல் கிடத்திப் பார்த்தேன். இருநூற்று எண்பது மைலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இன்னொரு தரம் நூலைத் தளர்வாகப் பிடித்து அளந்தேன். முந்நூறு வந்தது. எனக்கு முந்நூறுதான் பிடித்திருந்தது.

பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுப்பதற்காக நான் இதைச் செய்யவில்லை. ஒருவன் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்த ஒருவன் எனக்கு முறைக்கு அண்ணன். என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தையின் புருஷனுக்கு உடன்பிறந்த அக்காள் மகன் அவன். கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தான். அத்தைக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைப் பினாங்குக்குக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இளையவள்மேல் எனக்கும் முறை உண்டு, அவனுக்கும் முறை உண்டு. எங்கள் இரண்டு பேரையும் அவள் ‘அத்தான்’ என்றுதான் கூப்பிடுவாள். என்னைக் கூப்பிடும்போது அந்தக் குரலில் ஏதாவது கூடுதலாக இருக்கிறதா என்று நான் உன்னிப்பாகக் கேட்டிருக்கிறேன். இருப்பதாகத்தான் தோன்றும், அவன் ஊரில் இல்லாத காலங்களில்.

அவள் எனக்குத்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்ததற்குக் காரணம் என் அழகோ படிப்போ இல்லை. அத்தை போட்டிருந்த ஒரு நிபந்தனைதான்.

அத்தையின் புருஷன் இறந்தபோது மூத்த மகள் பினாங்கிலிருந்து வர முடியவில்லை. கப்பல் ஏறி அவள் வந்து சேர்வதற்குள் கருமாதி தாண்டிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மகள் வந்து வாய்க்கரிசி போடாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். வெயில் எவ்வளவு அடித்தாலும் காத்திருப்பார்கள். அன்றைக்குக் காத்திருந்து பயனில்லை என்பதால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை மகள் இடத்தில் நிறுத்திப் போடச் சொன்னார்கள். அத்தைக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. இளையவளை யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னாள். காலையில் கேதம் சொல்ல ஆள் கிளம்பினால், மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மகள் வாசலில் வந்து நிற்க வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்கிற மாப்பிள்ளைக்குத்தான் கொடுப்பாள்.

கேதம் என்றால் சாவுச் செய்தி. செய்தியைச் சுமந்துகொண்டு ஒரு ஆள் போக வேண்டும். அதைக் கேட்டு மகள் கிளம்பி வர வேண்டும். ஆகவே அத்தை கணக்கில் எந்த ஊரும் இரண்டு மடங்கு தூரம். கொழும்புக்கு அந்தக் காலத்தில் தனுஷ்கோடி வரை ரயில், அப்புறம் தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். கொழும்பு என்றால் அத்தை கையை ஆட்டி விலக்கிவிடுவாள். அந்த ஆட்டலைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலையும் கிடைத்தது. கட்டுமாவடியில் ஒரு ஆரம்பப் பள்ளி. கடற்கரை ஊர். பிள்ளைகள் பாதிப் பேர் வலை இழுக்கிற நேரம் போக மிச்ச நேரத்துக்குத்தான் வருவார்கள். என் அப்பா தன் வாழ்நாளில் ஆலங்குடிச் சந்தையைத் தாண்டிப் போனதில்லை. படித்ததால் நான் மட்டும் அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அத்தையின் எல்லைக்குள்தான் இருக்கிறேன் என்ற நிம்மதி இருந்தது.

இப்படி இருக்கையில்தான் அவன் திருச்சிக்கு ப்ளேனில் வந்து இறங்கினான்.

முதலாளிக்கு ஏதோ அவசர வேலை, திருச்சி வரை போய்வரச் சொல்லி அனுப்பினாராம். வேலையை முடித்துக்கொண்டு மாமா வீட்டைப் பார்க்க வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். மாசித் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவனுடைய பெட்டி. அதன் கைப்பிடியில் விமானக் கம்பெனிக்காரன் கட்டிய அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வந்து பத்துப் பதினைந்து நாளாகியும் அவன் அதை அவிழ்க்கவில்லை. கிணற்றடிக்குப் போகும்போதுகூட அந்தப் பெட்டியைத் திறந்து, வாசனை சோப்பை எடுத்து, பெட்டியை மூடி, அட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுத்தான் போவான். போட்டிருந்தது நைலான் சட்டை. உள்ளே பனியன் தெரிந்தது. பையில் வைத்திருந்த சிகரெட் பெட்டியும் தெரிந்தது. அதற்காகவே அந்தச் சட்டையைப் போட்டிருக்க வேண்டும்.

“தம்பி, கொழும்புல காப்பி குடிச்சிட்டு ஏறுனேன். அந்த ருசி நாக்குல இருக்கையிலயே இங்கிட்டு எறங்கிட்டேன். ரெண்டு மணி நேரம்” என்றான் என்னிடம்.

அவள் அப்போது அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் புடைத்துக்கொண்டிருந்த சுளகை மறந்துவிட்டிருந்தாள். அத்தையோ கையை ஆட்டவில்லை. “ரெண்டு மணி நேரமா?” என்று மட்டும் கேட்டாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் நூலும் தேசப்படமும். தூரத்தை வைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். விமானம் மணிக்கு எத்தனை மைல் போகும் என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட என்று சொன்னேன். நூற்றைம்பது போகும், சில விமானம் கூடவும் போகும் என்றார். வகுத்துப் பார்த்தேன். முந்நூறு என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குமேல் நகரவில்லை. நான் படித்த கணக்கு, நான் இழுத்த நூல், இரண்டும் அவனுக்குச் சாட்சி சொல்லின.

அப்படியும் விட மனமில்லை. அடுத்த விடுமுறையில் திருச்சியில் ஒரு சிநேகிதனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, விமான நிலையத்தையே பார்த்துவருவது என்று கிளம்பினேன். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி பஸ்ஸில் ஏறி, டவுனுக்குப் போய் அங்கிருந்து வேறு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தை எல்லாம் அவன் கணக்கில் ஏற்றிவிடலாம் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனேன். கண்டக்டரிடம் கேட்டதும், “டவுனுக்கு எதுக்குப் போறீங்க? செம்பட்டுலயே எறங்கிக்கங்க” என்று வழியிலேயே இறக்கிவிட்டார். எங்கள் ரோட்டின் ஓரத்திலேயே கிடக்கிறது விமான நிலையம். திருச்சிக்காரனைவிடப் புதுக்கோட்டைக்காரனுக்குத்தான் பக்கம். அதுவும் அவனுக்கே சாதகமாகப் போயிற்று.

கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். என்னைப் போல வேடிக்கை பார்க்க இன்னும் சிலர் நின்றார்கள். கொழும்பு விமானம் வந்து இறங்கியது. நான் நினைத்த அளவுக்கு அது பெரியதாக இல்லை. வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இறங்கியவர்களில் ஒருவர் முகம் வெளிறி, வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். எனக்கு அவர்மேல் பிரியமே வந்துவிட்டது. பிறகு உள்ளே போய்ப் பலகையில் எழுதியிருந்த நேரங்களைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. விமானம் நேராகக் கொழும்புக்குப் போவதில்லை. நடுவில் யாழ்ப்பாணத்தில் இறங்கி ஏறுகிறது. தினமும் கிடையாது. ஏறுவதற்கு வெகு நேரம் முன்னாலேயே வந்து பெட்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். இதில் ஒன்றையும் அவன் அத்தையிடம் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, ஆனால் சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

ஒரு வாரம் கழித்து அத்தையே கூப்பிட்டு அனுப்பினாள்.

நான் போனபோது விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் சாக்கைக் கொட்டி, நடுவில் அத்தை, ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் நைலான் சட்டையோடு அவன். அவனும் உடைத்துக்கொண்டிருந்தான். பருப்பு பிளக்காமல், தோல் உரியாமல், ஒவ்வொன்றாக. அந்த வேலை எனக்குத்தான் நன்றாக வரும் என்று அத்தை முன்பெல்லாம் சொல்வாள். நானும் உட்கார்ந்தேன்.

“ஏய்யா, நீதான படிச்சவன்” என்று ஆரம்பித்தாள் அத்தை. “இவன் ரெண்டு மணி நேரங்கிறான். எனக்கு நம்புறதா வேண்டாமான்னு தெரியல. நீ கணக்குப் போட்டுச் சொல்லு. எனக்குக் கேதம் போனா எம்புள்ள எப்ப வந்து நிப்பா?”

“நல்ல காரியம் பேசுறப்ப இது எதுக்கு அயித்தை?” என்று அவன் சிரித்தான்.

“இப்பத்தான்யா பேசணும். நான் செத்தப்பறம் யாரு பேசுவா?”

நல்ல காரியம் என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. பேச்சு அதுவரைக்கும் போயிருக்கிறது. என் கையில் இருந்த கடலை நசுங்கிவிட்டது. அதை வாயில் போட்டுக்கொண்டேன்.

பிறகு வகுப்பில் நின்று பேசுகிற மாதிரியே பேசினேன். வானத்தில் பறக்கிற நேரம் மட்டும் நேரம் இல்லை என்றேன். ஆலங்குடிக்கு நடை, புதுக்கோட்டைக்கு பஸ், செம்பட்டுக்கு பஸ், பெட்டிச் சோதனை, காத்திருப்பு, அந்தப் பக்கம் இறங்கி வீடு போகிற நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தினமும் விமானம் இல்லை என்றும் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. விமானம் இல்லாத நாளில் மெட்ராஸ் விமானம் இருக்கும் என்றும், செய்திக்கு ஆள் போக வேண்டியதில்லை, கடைக்குத் தந்தி கொடுத்தால் சில மணி நேரத்தில் கையில் கிடைக்கும் என்றும் நிதானமாகச் சொன்னான். தந்தி என்றதும் அத்தையின் கை நின்றது. அவள் கணக்கில் பாதித் தூரம் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போய்விட்டது.

இதற்காகத்தான் யாழ்ப்பாணத்தைக் கடைசியாக வைத்திருந்தேன்.

“இவுக சொல்ற மாதிரி நேரா போறதில்ல அயித்தை” என்றேன். “நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். நடுவுல யாழ்ப்பாணத்துல எறக்கி, அங்க உக்கார வச்சு, அப்புறந்தான் ஏத்திக்கிட்டுப் போறாங்க.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவு தூரம் போய் விசாரித்திருக்கிறானா என்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் இரண்டு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அடுத்துப் பேசியது அவன் இல்லை. அவள்.

“யாழ்ப்பாணத்துல எறங்குனா வெளிய போயிப் பாக்க விடுவாங்களா அத்தான்?”

அவள் கேட்டது அவனைப் பார்த்து. காம்பவுண்டுக்குள்தான் விடுவார்கள், ஆனால் டீ கொடுப்பார்கள், சுற்றிலும் பனைமரமாகத் தெரியும் என்று அவன் சொன்னான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மேலேயிருந்து பார்த்தால் கடல் என்ன நிறம் என்று அடுத்ததாகக் கேட்டாள். நான் தினமும் அந்தக் கடலோரத்தில்தான் பல் விளக்குகிறேன். என்னிடம் அவள் ஒரு நாளும் கடலைப் பற்றிக் கேட்டதில்லை. குறை என்று நான் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது அவளுக்கு இன்னொரு ஊராகப் போயிற்று. மனசுக்குள் அவள் ஏற்கெனவே விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எங்கே எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். “சரிய்யா. இப்ப ஒன் ஊருக்குச் சொல்லு.”

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை நாள் கொழும்பையே அளந்தவன், கட்டுமாவடியை ஒரு தரமும் அளக்கவில்லை. கூடக் குறையச் சொல்லலாம் என்றால் எதிரே இருப்பவன் கணக்குப்பிள்ளை. ஆலங்குடி, அங்கிருந்து அறந்தாங்கி, அறந்தாங்கியில் காத்திருந்தால் கட்டுமாவடி பஸ். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழைக்காலத்தில் வழியில் தண்ணீர் குறுக்கே போனால் இறங்கி நடக்க வேண்டும். கேதம் சொல்கிறவன் காலையில் கிளம்பினால் அந்தியில் வந்து சேர்வான். அதற்குமேல் எங்களுக்குப் பஸ் இல்லை. மறுநாள் காலையில்தான் கிளம்ப முடியும்; வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும்.

“ஏன் தம்பி, தந்தி குடுத்தா?” என்று அவன் கேட்டான். கேலி இல்லை, உதவி செய்கிற குரல். அதுதான் இன்னும் எரிந்தது.

எங்கள் ஊர்த் தபாலாபீசில் தந்தி கிடையாது. அறந்தாங்கிக்கு வந்து, அங்கிருந்து ஆள் கையில்தான் வர வேண்டும். அதையும் சொன்னேன்.

அத்தை இரண்டு கடலை உடைத்தாள். “அப்ப கட்டுமாவடியவிடக் கொழும்பு பக்கங்கிற.”

“நான் அப்படிச் சொல்லல அயித்தை.”

“ஒங்கணக்கு சொல்லுதேய்யா.”

மாற்றல் கேட்டிருக்கிறேன், ஆலங்குடிப் பக்கமே கிடைத்துவிடும் என்றேன். கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று அத்தை பாசமாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தூரம் ஒரு சாக்கு, நைலானும் வாசனை சோப்பும்தான் உண்மைக் காரணம் என்று ரொம்ப நாள் என் மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்படி இல்லை. அவள் நிஜமாகவே தன் சாவை எண்ணித்தான் கேட்டாள். நான் நிஜமாகவே சரியான கணக்கைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஒன்ன யாருடா கணக்குப் போடச் சொன்னா? வாய மூடிக்கிட்டு ரெண்டு படி கடலைய ஒடச்சுக் குடுத்துட்டு வந்திருந்தா அவ இந்நேரம் இந்த வீட்டுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது என் தப்பு.” அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வைகாசியில் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளி என் கையில்தான் இருந்தது. போகாமல் இருந்தால் பேச்சு வரும் என்று, விமானம் ஏற்றிவிடவும் போனேன். சொந்தக்காரர்கள் இருபது பேர் செம்பட்டில் இறங்கினோம். பயணம் போகிற பெண்ணுக்குச் சோறு கட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை ஒரு பெரிய பானை புளிச்சோறு கிளறி, வாழை இலையில் பொதிந்து, துணியில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு இரண்டு நாள் சோறு. ப்ளேனிலேயே தின்னக் கொடுப்பார்கள், இதெல்லாம் கொண்டுபோனால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவன் காதோடு காதாக அத்தையிடம் கெஞ்சினான். அவன் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

அவள் மூட்டையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நான் கொண்டுபோறேன் ஆத்தா” என்றாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று எனக்கு மறுபடி எரிந்தது. மூட்டையை இடுக்கியபடியே அவள் படியேறி உள்ளே போனாள். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள், எல்லோருக்குமாக.

மறுநாள் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் மட்டும் அப்படியே கிளம்பினேன். வழியனுப்ப வந்தவர்கள் தின்னக் கொண்டுவந்ததில் மிஞ்சிய சோற்றை ஒரு பொட்டலமாகக் கட்டி அத்தை என் கையில் வைத்தாள். “தூரம் போறவன்” என்றாள். அவள் அதை யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. செம்பட்டில் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போதே மேலே சத்தம் கேட்டது. புதுக்கோட்டையில் அறந்தாங்கி வண்டிக்கு நின்றபோது அவர்கள் யாழ்ப்பாணத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. அந்த வண்டி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. எல்லோரும் இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்தோம். அவள் இந்நேரம் கொழும்பில் இறங்கியிருப்பாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே வந்தது.

அறந்தாங்கிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டுமாவடி சாயங்கால வண்டி போய்விட்டிருந்தது. இனிமேல் காலையில்தான் என்றார் அங்கே இருந்த செக்கர். அவரோடு சண்டை போடலாம் போல இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கல்லில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். புளிச்சோறு கெட்டுப்போகவில்லை. நல்லெண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. இதே பானைச் சோற்றை அவளும் இந்நேரம் பிரித்திருப்பாள். வெட்கப்பட்டவன்தான் முதல் கை வைத்திருப்பான். அதை நினைத்ததும் பொட்டலத்தை மூடிவைத்தேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மறுபடி பிரித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.